ஜாவலின்: சுட்டவன் ஓடிவிடலாம், மிச்சத்தை ஏவுகணை பார்த்துக்கொள்ளும்

2025 நவம்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. இந்தியாவுக்கு ஜாவலின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை விற்க அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது: 100 ஏவுகணை, சுட்டுப் பார்க்க இன்னும் ஒன்று (மாம்பழம் வாங்கும்போது ஒன்றை அறுத்து ருசி பார்ப்பது போல), 25 ஏவும் கருவி, எல்லாம் சேர்த்து 4.57 கோடி டாலர் வரை. ரூபாயில் சுமார் 400 கோடி. படித்ததும் யாருக்கும் மூன்று கேள்விகள் வரும். நம்மிடம்தான் நாமே உருவாக்கிய நாக் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணை இருக்கிறதே, இது எதற்கு? வெறும் 100-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? தோளில் வைத்துச் சுடும் ஒரு குழாய்க்கு இவ்வளவு விலையா?

மூன்றுக்குமான பதில் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே போவோம். ஒரு சொல் விளக்கம் முதலில்: நம் செய்தித்தாள்கள் டாங்கியையும் பீரங்கி என்கின்றன, தூரத்திலிருந்து குண்டு வீசும் துப்பாக்கியையும் பீரங்கி என்கின்றன. இந்தக் கட்டுரையில் டாங்கி என்றால் சங்கிலிப் பட்டையில் ஓடும் கவச வண்டி மட்டும்.

டாங்கியை அடிப்பது ஏன் கஷ்டம்

டாங்கி என்றால் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இரும்பு போர்த்திய பெட்டி என்றுதான் பலர் நினைக்கிறோம். அப்படிச் செய்தால் அது நகராது. டி-72 வகை டாங்கியின் எடையே 40 டன்னுக்கு மேல், நம் அர்ஜுன் மார்க் 1ஏ சுமார் 68 டன். இதற்கு மேல் எடை ஏறினால் பாலம் தாங்காது, ரயிலில் ஏற்ற முடியாது. ஆகவே வடிவமைப்பவர்கள் இருக்கிற எடையைக் கஞ்சத்தனமாகப் பங்கு போடுகிறார்கள்.

1. முன்பக்கத்துக்குத்தான் பெரும் பங்கு. எதிரியை நோக்கி நிற்கும் முகம் அது. உருக்கு, பீங்கான் போன்றவற்றை அடுக்கடுக்காக வைத்து, பல நூறு மில்லிமீட்டர் உருக்குக்குச் சமமான கவசம் போடுவார்கள்.

2. பக்கவாட்டுக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

3. கூரைக்கும் அடிவயிற்றுக்கும் மிச்சம் மீதி. கூரைக் கவசம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். வானத்திலிருந்து யார் வந்து குத்தப்போகிறார்கள் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் மேல்தான் ஜாவலின் கை வைக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இவ்வளவு கனமான இரும்பை ஒரு ஆள் தூக்கும் ஏவுகணை எப்படித் துளைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

துளைப்பது நெருப்பு இல்லை

இந்த வகை வெடிமுனைக்குள் கூம்பு வடிவ உலோகத் தகடு ஒன்று இருக்கும், பெரும்பாலும் செம்பு. பின்னால் இருக்கும் வெடிமருந்து வெடிக்கும்போது அந்தக் கூம்பு நசுங்கி, ஊசி போன்ற ஒரு தாரையாகப் பீய்ச்சி அடிக்கிறது. அதன் முனையின் வேகம் விநாடிக்குப் பல கிலோமீட்டர், துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு. அந்த அழுத்தத்தில் உருக்கு, தண்ணீர் போல விலகிக்கொடுக்கிறது. கவசத்தை உருக்கிக்கொண்டு போகிறது என்று எழுதுபவர்கள் உண்டு, அது தப்பு. இங்கே வேலை செய்வது வேகமும் அழுத்தமும்தான்.

இதற்கு எதிராக வந்தது எதிர்வெடிக் கவசம். டாங்கியின் மேல் செங்கல் செங்கலாக ஒட்டியிருக்குமே, அதுதான். ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் கொஞ்சம் வெடிமருந்தும் தகடுகளும் இருக்கும். தாரை வந்து பட்டதும் செங்கல் வெடித்து, தகடுகள் குறுக்கே பாய்ந்து தாரையைச் சிதறடிக்கும். இதற்குப் பதிலடியாக ஏவுகணைக்காரர்கள் வெடிமுனையை இரண்டாக்கினார்கள். முன்னால் சின்னது ஒன்று, செங்கல்லை வெடிக்க வைத்துத் தீர்த்துவிடும். இமைக்கும் நேரத்துக்குள் பின்னால் இருக்கும் பெரியது வெடித்துக் கவசத்தைத் துளைக்கும். ஜாவலினில் இருப்பது இந்த இரட்டை வெடிமுனை, சுமார் 8.4 கிலோ.

ஆனால் இது ஜாவலினுக்கு மட்டும் உரிய வித்தை இல்லை. ரஷ்யாவின் கார்னெட் ஏவுகணையிலும் இரட்டை வெடிமுனை உண்டு, இன்னும் கனமான கவசத்தையே துளைக்கும். ஜாவலின் விஷயத்தில் பேச வேண்டியது வெடிமருந்தைப் பற்றி இல்லை, யார் குறி பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி.

மூன்று தலைமுறை

முதல் தலைமுறை: ஏவுகணையைக் கையால் ஓட்டுவது. 1973 அக்டோபர் போரில் எகிப்தியக் காலாட்படை பயன்படுத்திய சோவியத் மால்யுட்கா இந்த ரகம். ஏவுகணை போகும்போது பின்னால் மெல்லிய கம்பி பிரிந்துகொண்டே போகும். சுட்டவர் ஒரு கண் டாங்கியிலும் ஒரு கண் ஏவுகணையிலுமாக, சின்னக் குச்சியை அசைத்து அதை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சினாய்ப் பாலைவனத்தில் இஸ்ரேலிய டாங்கிகளுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் அவர்கள் சீக்கிரமே பதிலையும் கண்டுபிடித்தார்கள்: ஏவுகணை வரும் திசையைப் பார்த்து அங்கே சரமாரியாகச் சுடு, ஓட்டுகிறவர் கை நடுங்கினாலே போதும், ஏவுகணை தடம் மாறிவிடும்.

இரண்டாம் தலைமுறை: குச்சி போய்விட்டது. குறுக்குக்கோட்டை டாங்கியின் மேல் வைத்துக்கொண்டே இருந்தால் போதும், கருவி கணக்குப் போட்டு ஏவுகணைக்குக் கம்பி வழியாகக் கட்டளை அனுப்பும். ஹைதராபாத்தில் பாரத் டைனமிக்ஸ் தயாரித்து நம் ராணுவத்தில் இன்றும் இருக்கும் மிலானும் கொங்குர்ஸும் இந்த வகைதான். சுலபமாகிவிட்டது, ஆனால் ஏவுகணை போய்ச் சேரும் வரை, பத்து இருபது விநாடி, சுட்டவர் அதே இடத்தில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தாக வேண்டும். சுட்ட புகையும் தூசியும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். எதிரே இருப்பது 125 மி.மீ. துப்பாக்கி. அந்த இருபது விநாடியின் நீளம் அங்கே படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் தலைமுறை: சுட்டுவிட்டு மறந்துவிடலாம். குறியை ஏவுகணையே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஜாவலின், நாக் இரண்டும் இங்கே வருகின்றன.

இஸ்ரேலின் ஸ்பைக் ஏவுகணை இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு நடுவில் ஒரு ரகம். அதன் சில வகைகளில் மெல்லிய கண்ணாடி இழை பின்னால் வரும். ஏவுகணை பார்ப்பதைச் சுட்டவரும் திரையில் பார்த்து, வேண்டுமானால் நடுவழியில் குறியை மாற்றலாம், வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போகலாம். என் கணக்கில் இது ஜாவலினைவிட வசதியானது, ஆனால் அதுவும் விலை மலிவில்லை.

குழாய்க்குள் என்ன இருக்கிறது

ஜாவலினை அமெரிக்காவின் ரேதியானும் லாக்ஹீட் மார்ட்டினும் சேர்ந்து செய்கின்றன. 1996-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே இருந்தது டிராகன் என்ற இரண்டாம் தலைமுறை ஏவுகணை.

மொத்தம் இரண்டு பாகம். ஒன்று, ஏவும் கருவி: சுமார் ஆறரை கிலோ, வெப்பப் படம் காட்டும் கண்ணாடியும் பட்டன்களும் கொண்டது, திரும்பத் திரும்பப் பயன்படும். இன்னொன்று, ஏவுகணை அடைத்த குழாய்: பதினைந்து பதினாறு கிலோ, சுட்டதும் தூக்கிப் போட வேண்டியது. சேர்த்தால் 22 கிலோ. ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் இரண்டு பேர் சேர்ந்துதான் பெரும்பாலும் கொண்டுபோவார்கள்.

ஏவும் கருவியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு இரவில் காவல் பார்க்கலாம், 12 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் சுடுவதற்காக இல்லாமல் இருட்டில் பார்ப்பதற்காகவே இதைத் தூக்கிக்கொண்டு போன அமெரிக்கப் படையினர் நிறைய.

இப்போது முக்கியமான உறுப்பு, சீக்கர். ஏவுகணையின் மூக்கில் இருக்கும் வெப்பக் கண். டாங்கியின் இன்ஜின், புகைபோக்கி, வெயிலில் சுட்ட உலோகம், இவையெல்லாம் சுற்றியிருக்கும் மண்ணைவிட வேறு வெப்பநிலையில் இருக்கும், அந்த வேறுபாட்டைத்தான் இந்தக் கண் படமாகப் பார்க்கிறது. அதில் 64க்கு 64, அதாவது 4,096 புள்ளிகள். இன்றைக்கு மலிவான போன் காமிராவிலேயே கோடிக்கணக்கில் புள்ளிகள் இருக்க, இது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இது வடிவமைக்கப்பட்டது முப்பது வருடத்துக்கு முன்னால், அதுவும் பாதரசம், காட்மியம், டெல்லூரியம் சேர்ந்த ஒரு படிகத்தில். செய்வது கடினம், தவறிப்போவது சுலபம்.

அந்தக் கண்ணுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கடுங்குளிரில் வைத்தால்தான் அது சரியாகப் பார்க்கும், இல்லையென்றால் தன் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே குழாயின் முன்னால் பேட்டரியும் அழுத்த வாயுவும் சேர்ந்த ஒரு சின்ன டப்பா இருக்கிறது. சுடுவதற்கு முன் அதை இயக்கினால் சில விநாடிகளில் கண் குளிர்ந்துவிடும். ஆனால் இயக்கிய பிறகு சுமார் நாலே நிமிடம்தான். அதற்குள் சுடவில்லை என்றால் டப்பா வீண், புதிதாக மாட்ட வேண்டும்.

சுடும்போது நடப்பது

1. தேடுதல். ஏவும் கருவியின் வெப்பப் படத்தில் டாங்கியைக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய கருவியோடு 2.5 கி.மீ. வரை சுடலாம், புதிய இலகு ரகக் கருவியோடு 4 கி.மீ. வரை.

2. கட்டம் கட்டுதல். ஏவுகணையின் கண்ணைக் குளிர வைத்து, அது பார்க்கும் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்து, டாங்கியைச் சுற்றி ஒரு சதுரக் கட்டம் போடுகிறார்கள். நம் போன் காமிரா முகத்தைச் சுற்றிக் கட்டம் போடுகிறதே, ஏறக்குறைய அதே வேலை. கட்டத்துக்குள் இருக்கும் உருவத்தை ஏவுகணை தன் நினைவில் எடுத்துக்கொள்கிறது. புறப்படும் முன்பே குறி பூட்டப்பட்டுவிடும். ஜாவலினின் எல்லாச் சாமர்த்தியமும் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

3. மெல்லப் புறப்படுதல். முதலில் ஒரு சின்ன மோட்டார், குழாயை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எரிந்து முடிந்துவிடும். ஏவுகணை தூக்கி எறிந்தது போல வெளியே வந்து, சில மீட்டர் தள்ளிப் போன பிறகு பெரிய மோட்டார் பற்றிக்கொள்ளும். காணொளிகளில் பார்த்தால் ஒரு கணம் கீழே விழப்போகிறதோ என்று தோன்றும், அது கோளாறில்லை. சுடுபவரின் முகம் கருகாமல் இருக்கவும், பின்பக்க வீச்சு குறைந்து கட்டடத்துக்குள்ளிருந்தும் சுடவும் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

4. ஏறுதல். ஏவுகணை நேராகப் போகாமல் சுமார் 150 மீட்டர் உயரம் ஏறுகிறது. போகும் வழியெல்லாம் கண் டாங்கியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நெருங்க நெருங்க உருவம் பெரிதாகும், கோணமும் மாறும், பக்கவாட்டில் பார்த்த டாங்கி இப்போது மேலிருந்து தெரியும். அதனால் நினைவில் இருக்கும் படத்தை அது ஒவ்வொரு கணமும் புதுப்பித்துக்கொள்கிறது. டாங்கி ஓடினாலும் இந்த ஒப்பிடுதல்தான் அதைத் துரத்துகிறது.

5. குத்துதல். மேலிருந்து செங்குத்தாகச் சாய்ந்து கூரையில் இறங்குகிறது.

இந்த நேரத்தில் சுட்டவர் எங்கே? ஏவுகணை குழாயை விட்டதுமே எழுந்து ஓடியிருப்பார், அல்லது அடுத்த குழாயை மாட்டிக்கொண்டிருப்பார். பதில் சூடு விழுவது காலி இடத்தில்.

பாலத்துக்கு அடியில், மரத்தடியில், கட்டடத்துக்குள் இருக்கும் குறியை மேலிருந்து அடிக்க முடியாது. அதற்கு நேரடித் தாக்குதல் என்ற இன்னொரு முறை இருக்கிறது, ஒரு பட்டனில் மாற்றிக்கொள்ளலாம்.

கூரையில் இறங்கினால் என்ன ஆகும்

உக்ரைனிலிருந்து 2022-இல் வந்த படங்களில் டாங்கி ஒரு பக்கமும் அதன் தலை வேறு பக்கமுமாகக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். டி-72, டி-90 குடும்பத்தில் குண்டு போட ஆள் கிடையாது, தானியங்கிப் பொறிதான் போடும். அந்தப் பொறிக்கான 22 குண்டுகளும் அவற்றுக்கான வெடித்தூளும், சுழலும் மேல்கூட்டுக்கு நேர் கீழே தரையில் ராட்டினம் போல வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். வீரர்கள் உட்கார்ந்திருப்பதே கிட்டத்தட்ட அதன் மேல்தான். மிச்சக் குண்டுகள் உள்ளே அங்கங்கே செருகியிருக்கும். மேலிருந்து வரும் தாரை இவற்றில் ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஒன்றாகப் பற்றி, பல டன் எடையுள்ள மேல்கூட்டு மூடி போலப் பறக்கிறது. அமெரிக்க ஏப்ராம்ஸ் டாங்கியில் குண்டுகள் தனி அறையில் இருக்கும், வெடித்தாலும் வெளிப்பக்கமாகப் பீறிட்டுப் போகும்படி கூரைத் தகடு அமைத்திருப்பார்கள்.

இது ஏதோ தூர தேசத்து விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். டி-72 அஜேயாவும் டி-90 பீஷ்மாவும் தயாரானது நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில். அதே ராட்டினம்தான் அவற்றிலும். எந்த நாட்டு ராணுவம் ஜாவலினைப் பார்த்து வாங்கலாமா என்று யோசிக்கிறதோ, அதே ராணுவம் தன் டாங்கியின் கூரையையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கே சறுக்கும்

செய்திகளைப் படித்தால் ஜாவலின் பிரம்மாஸ்திரம் மாதிரித் தெரியும். அப்படி இல்லை.

வெப்ப வேறுபாடு இல்லாத நேரம் அதன் முதல் எதிரி. காலையும் மாலையும் ஒரு நேரம் வரும், டாங்கியும் மண்ணும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், படத்தில் டாங்கி கரைந்துபோகும். பாலைவனத்தில் கோடை நண்பகலிலும் இதே தொல்லை. ராஜஸ்தான் வெயிலில் நடந்த நாக் சோதனைகளில் இது நிஜமாகவே தலைவலியாக இருந்தது, சீக்கரை மேம்படுத்திய பிறகுதான் தீர்ந்தது.

இரண்டாவது, நேர்ப்பார்வை வேண்டும். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டாங்கியைப் பூட்ட முடியாது. வெப்பத்தை மறைக்கும் புகை, போர்வை ஆகியவையும் பூட்டுவதைக் கெடுக்கும். ரஷ்யர்கள் டாங்கித் தலையில் கம்பிக் கூண்டு மாட்டினார்கள், இரட்டை வெடிமுனைக்கு முன் அது பெரிதாக உதவவில்லை, ஆனால் அதே கூண்டு பிறகு ட்ரோன்களுக்கு எதிராகக் கொஞ்சம் பயன்பட்டது.

அப்புறம் விலை. அமெரிக்க ராணுவமே 2021 வாக்கில் ஓர் ஏவுகணைக்குக் கிட்டத்தட்ட 1.8 லட்சம் டாலர் கொடுத்தது, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய். வெளிநாட்டுக்கு விற்கும்போது இன்னும் கூடும். அதற்காக 400 கோடியை 100-ஆல் வகுத்து ஒன்று 4 கோடி என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் தொகையில் ஏவும் கருவிகள், பயிற்சி, உதிரிப் பாகங்கள் எல்லாம் அடக்கம். விலை ஏன் இவ்வளவு என்பதற்கு விடை ஏற்கெனவே பார்த்ததுதான்: கம்பி ஏவுகணையில் கண் சுட்டவரிடம் இருந்தது, அது பத்திரமாகத் திரும்பி வந்தது. இங்கே கண்ணும் மூளையும் ஏவுகணையோடு போய், ஒவ்வொரு முறையும் எரிந்து போகின்றன. ஒரு வீரரின் இருபது விநாடி ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

விலையைவிடப் பெரிய சிக்கல், வேகமாகச் செய்ய முடியாதது. ஒவ்வொரு ஏவுகணையிலும் 200-க்கு மேல் சிப்கள். 2022-இல் அமெரிக்காவின் வருடாந்திரத் தயாரிப்பு சுமார் 2,100. அந்த வருடக் கடைசிக்குள் உக்ரைனுக்குக் கொடுத்தது 8,500-க்கு மேல். நாலு வருட உற்பத்தி பத்து மாதத்தில் கைமாறிவிட்டது. அலபாமாவின் டிராய் நகரத் தொழிற்சாலைக்கு 2022 மே மாதம் அதிபர் பைடன் நேரில் போனது சும்மா இல்லை. வருடத்துக்கு 4,000 அளவுக்கு உயர்த்தும் திட்டம் அதன் பிறகு வேகம் பிடித்தது.

அதற்குள் உக்ரைனில் களமே மாறிவிட்டது. சில நூறு டாலருக்குச் செய்த ட்ரோன், பத்து கி.மீ. தள்ளி உட்கார்ந்தவர் ஓட்ட, டாங்கியின் பின்பக்கத்தைத் தேடிப்போய்க் குத்துகிறது. கவனித்தால் இது முதல் தலைமுறைக்குத் திரும்பிய மாதிரிதான்: மறுபடியும் கையில் குச்சி, சில ட்ரோன்களில் பின்னால் பிரிந்து வரும் கண்ணாடி இழை. ஆனால் ட்ரோன் போய்ச் சேர நிமிடக் கணக்கில் ஆகும், அலைவரிசையை முடக்கினால் பல ட்ரோன்கள் விழுந்துவிடும். திடீரென்று ஆயிரம் மீட்டரில் டாங்கி முளைத்தால் இன்னும் ஜாவலின் போன்ற ஒன்றுதான் வேண்டும்.

சரி, இந்தியக் கணக்கு என்ன

நாக் இருக்க இது எதற்கு என்ற கேள்விக்கு விடை எடையில் இருக்கிறது. 1983-இல் தொடங்கிய, அப்துல் கலாம் தலைமையேற்ற ஏவுகணைத் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளில் ஒன்று நாக். மூன்றாம் தலைமுறை, கூரையில் இறங்கும், 4 கி.மீ. போகும், ஆனால் சுமார் 43 கிலோ. அதை நாமிகா என்ற கவச வண்டியிலிருந்துதான் சுட முடியும். லடாக்கில் மேட்டின் மேல் படுத்திருக்கும் காலாட்படை வீரர் தோளில் தூக்க அது ஆகாது.

தோளுக்கானதைத் தனியாக டிஆர்டிஓ (நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) செய்துகொண்டிருக்கிறது. சுமார் 14.5 கிலோ, 2.5 கி.மீ. தூரம். 2024 ஆகஸ்டில் பொக்ரானில் வெற்றிகரமாகச் சோதித்தார்கள். சோதனையில் ஜெயித்த ஏவுகணை ஆயிரக்கணக்கில் தயாராகிப் படைப்பிரிவுகளுக்குப் போய்ச் சேர வருடங்கள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2019-இல் அவசரமாகக் கொஞ்சம் ஸ்பைக் வாங்கினார்கள், இந்த 100 ஜாவலினையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இவ்வளவு பெரிய ராணுவத்துக்கு 100 என்பது கையில் எடுத்துப் பழகிப் பார்க்க, ஒன்றிரண்டு முக்கியமான இடங்களில் நிறுத்தி வைக்கப் போதும், அதற்கு மேல் இல்லை.

நிஜமான விவகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மோடியும் டிரம்ப்பும் வெளியிட்ட கூட்டறிக்கையில், ஜாவலினை இந்தியாவில் கூட்டாகத் தயாரிப்பது பற்றி ஒரு வரி வந்தது. இது புதுப் பேச்சு இல்லை. பத்து வருடத்துக்கு முன்பும் இதே பேச்சு நடந்தது, தொழில்நுட்பத்தை எவ்வளவு கொடுப்பார்கள் என்பதில் இழுபறியாகி, 2014-இல் இந்தியா ஸ்பைக் பக்கம் சாய்ந்தது. குழாய், மோட்டார், வெடிமுனை இவற்றை இங்கே செய்வதில் பெரிய தடை இருக்காது, அதற்கான அனுபவம் பாரத் டைனமிக்ஸிடம் பல காலமாக இருக்கிறது. ஒப்பந்தம் என்று எப்போதாவது செய்தி வந்தால், எத்தனை கோடி, எத்தனை ஏவுகணை என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, அந்த 4,096 புள்ளிக் கண்ணை எந்த ஊரில் செய்யப்போகிறார்கள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.